குளக்கட்டுச் சைக்கிளா, அறைக்குள் பயிற்சியா?

2020 மார்ச்சில் கொரோனாவால் கம்பஸ் மூடி ஊரடங்கும் வந்தபோது, வன்னிப் பிள்ளைகளுக்கு அறைக்குள் பயிற்சி மட்டும்தான் வழி. பாயை விரித்து, வீடியோ பார்த்துச் செய்யலாம், காசு வேண்டாம். ஆனால் சூம் வகுப்பு நடந்த அதே மூலை, அதே திரை. மனம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும்.

தளர்வு வந்தபிறகு என் தெரிவு சைக்கிள்தான். விடிய ஆறு மணிக்குச் செம்மண் ஒழுங்கையால் போய்க் குளக்கட்டில் ஏறினால், ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். எதிரே வரும் ஐயா, “எங்க தம்பி, கனநாளாக் காணேல்லை?” என்பார். சோர்ந்த மனதுக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்தையும் சீராக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, ஐந்து நாள் அரைமணி சைக்கிள் ஓட்டத்தில் சரி.

எழும்பவே மனமில்லாத பிள்ளைக்கு இரண்டுமே போதாது, வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மாரிமழைக்குப் பாய் இருக்கட்டும்.