பிரிட்டிஷ் போர்விமான வண்ணத் தொகுப்பு: குப்பிகளும் பெயர்களும்

இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் விமானப்படையின் மறைப்பு நிறங்களை மாதிரி விமானங்களுக்குப் பூசுவதற்கென வந்துள்ள இந்த அக்ரிலிக் தொகுப்பில், வெறும் எண்ணோடு நிறுத்தாமல் ஒவ்வொரு குப்பியிலும் அன்றைய அதிகாரப்பூர்வப் பெயரையே அச்சிட்டிருப்பது பாராட்டத்தக்கது. டார்க் எர்த், டார்க் கிரீன் ஆகியவை மேலிருந்து நோக்கும் பகைவனுக்கு நிலமாகவே தோன்ற வேண்டியவை. 1941-இல் சண்டை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஐரோப்பாவை நோக்கி நகர்ந்தபோது, பகல்நேரப் போர்விமானங்களில் மண்ணிறத்தின் இடத்தைப் பிடித்த ஓஷன் கிரே, தன் பெயரிலேயே அந்த மாற்றத்தைத் தாங்கியிருக்கிறது. ஸ்கை குப்பியைத் திறப்பவர் நீலத்தையே எதிர்பார்ப்பார். உள்ளே இருப்பதோ, விமானி சிட்னி காட்டன் தம் உளவு விமானங்களுக்குப் பயன்படுத்திய கேமோடின்ட் என்ற மறைப்பு வண்ணத்திலிருந்து பிறந்த வெளிர்பச்சை. உடன்வரும் விளக்கத்தாள் 'ஸ்கை டைப் எஸ்' என்ற அன்றைய பெயரிலுள்ள எஸ் எழுத்தை ஸ்கை என்று விளக்குவது பிழை. அது ஸ்மூத் எனப்பட்ட வழவழப்பான பூச்சையே குறிக்கும். மீடியம் சீ கிரே சற்று நீர்த்திருப்பதால் இருமுறை பூச வேண்டியிருக்கிறது.