லோட்டஸ் எலீஸ், எக்ஸீஜ்: ஸ்டீயரிங்கைவிட பிரேக்கைப் பார்த்து வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழைய லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த வருஷ வண்டியில் ஸ்டீயரிங் நன்றாக இருக்கும்?" என்பதுதான். என்னிடம் 1997-ன் எலீஸ் ஒன்றும், 2008-ன் எக்ஸீஜ் எஸ் 240 ஒன்றும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இடையில் வந்த எலீஸ் 111ஆர், பிறகு வந்த ஆறு சிலிண்டர் (வி6) எக்ஸீஜ் இரண்டையும் நண்பர்களிடம் வாங்கி நிறையவே ஓட்டியிருக்கிறேன். பெரும்பாலும் ஸ்னெட்டர்டன் டிராக்கில். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், இந்த வண்டிகள் பிறந்த ஹெத்தலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தடம் அது. இத்தனை வருஷம் ஓட்டியதில் எனக்குத் தெளிவானது: ஸ்டீயரிங் எல்லா வருஷத்திலும் நன்றாகத்தான் இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் உண்மையில் மாறியது பிரேக். உங்கள் கால் எந்தப் பிரேக்கோடு ஒத்துப்போகும் என்பதை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முதலில் முடித்துவிடுகிறேன். 1996-ல் விற்பனைக்கு வந்த முதல் எலீஸிலிருந்து 2021-ல் உற்பத்தி நின்ற கடைசி எக்ஸீஜ் வரை பவர் ஸ்டீயரிங் கிடையாது. எடையில் ஏறக்குறைய 38 சதவீதம்தான் முன்சக்கரங்களின் மேல் இருப்பதால் அது தேவைப்படவும் இல்லை. போர்ஷே 911 ஜிடி3-யே 2013-ல் மின்சார ஸ்டீயரிங்குக்குப் போய்விட்ட காலத்திலும் இந்த வண்டிகளில் லோட்டஸ் இதை விடவில்லை. எலீஸுக்கு அடுத்து வந்த எமிராவில் ஹைட்ராலிக் உதவி இருக்கிறது. ஆக, "இந்த வருஷ ஸ்டீயரிங் இலகு, அந்த வருஷ ஸ்டீயரிங் கனம்" என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி முன் டயரின் அகலத்தைப் பற்றிய பேச்சுதான்.

முதல் எலீஸில் டயர் அகலம் முன்னால் 185 மி.மீ., பின்னால் 205. ஈரத் தரையில் பின்பக்கம் சட்டென்று விலகும் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு; ஓரளவு நியாயமான பெயர்தான். 2001 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறையில் முன்னால் 175 ஆகக் குறைத்து, பின்னால் 225 ஆகக் கூட்டினார்கள். ஸ்டீயரிங் இன்னும் இலகுவானது. டயர் பிடியின் எல்லை தாண்டும்போது முதலில் மூக்கு வெளியே போகும், பின்பக்கம் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்பான முடிவு. எனக்குக் கொஞ்சம் கூர்மை போய்விட்டதாகத்தான் தோன்றுகிறது. எக்ஸீஜில் முன்னால் 195, அதுவும் டிராக்குக்கென்றே வந்த யோகோஹாமா ஏ048 டயர். வி6-ல் 205. வி6 எக்ஸீஜின் எடை 1,176 கிலோ. முதல் எலீஸோ 725 கிலோ அளவுதான். பார்க்கிங்கில் வி6-ஐத் திருப்பினால் தோள் வலிக்கும். வேகம் பிடித்ததும் அந்தக் கனம் நியாயமாகிவிடுகிறது.

வித்தியாசத்தைக் கையில் உணர வேண்டுமென்றால் ஸ்னெட்டர்டனின் கோரம் வளைவுக்குப் போக வேண்டும். வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும் வளைவு அது. ஸ்டீயரிங்கை ஒரே கோணத்தில் பிடித்தபடி வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால், உள்ளங்கையில் கனம் கூடிக்கொண்டே வரும். முன் டயர் பிடியை விடப் போகும் நேரத்தில் அந்தக் கனம் லேசாக இறங்கும். பழைய எலீஸில் இந்த இறக்கம் சீக்கிரமே, மெதுவாக வருகிறது. வேகத்தை ஒரு துளி குறைத்தால் கனம் திரும்பி வந்துவிடும். எக்ஸீஜில் ஏ048 டயர் நெடுநேரம் தாங்கிப்பிடித்து, விடும்போது கொஞ்சம் அவசரமாக விடுகிறது. இரண்டும் தகவலைச் சொல்கின்றன. எக்ஸீஜ் தாமதமாகச் சொல்கிறது, அவ்வளவே.

இப்போது பிரேக். கோரம் முடியும் இடத்தில், வண்டி இன்னும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக் பிடித்து, இடப்பக்கம் மர்ரேஸ் வளைவுக்குள் திரும்ப வேண்டும். இந்த ஒரு இடம் போதும், எந்த வருஷ வண்டியின் பிரேக் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

முதல் எலீஸில் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. பெடல் கடினமாக இருக்கும். ஆனால் காலால் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆரம்பகால வண்டிகளில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கே வேறு மாதிரி: அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு துகள்களைக் கலந்து செய்தவை, நான்கு சக்கரத்திலும் 282 மி.மீ. துருப்பிடிக்காது, எடை மிகக் குறைவு, சாலையில் ஓட்டினால் தேய்மானம் தெரியவே தெரியாது. ஆனால் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் அவற்றுக்கென்றே செய்ததாகத்தான் போட வேண்டும். குளிர்ந்த ஈரமான காலையில் முதல் அழுத்தத்துக்குப் பிடி மந்தமாக வரும். டிராக்கில் விடாமல் சூடேற்றினால் அலுமினியத்துக்கு ஒரு எல்லை உண்டு. சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலை வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு மாறிவிட்டது.

என் வண்டியும் அலுமினிய டிஸ்க்குடன்தான் வந்தது. டிராக்குக்குப் போவது கூடியதும் வார்ப்பிரும்புக்கு மாற்றினேன். பிடி உடனே நன்றாகிவிட்டது. நான் எதிர்பார்க்காதது ஸ்டீயரிங்கில் வந்த மாற்றம். சக்கரத்தில் தொங்கும் எடை கூடியதால், மேடுபள்ளமான கிராமச் சாலையில் முன்பக்கம் முன்னைப்போல் மிதந்து போகவில்லை. ஒவ்வொரு குழியும் கொஞ்சம் அழுத்தமாகக் கைக்கு வந்தது. சாலையில் மட்டுமே ஓட்டுபவர் என்றால், நல்ல நிலையில் இருக்கும் அலுமினிய டிஸ்க்கை அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

2004-ல் டொயோட்டா எஞ்சினோடு 111ஆர் வந்தபோது பூஸ்டரும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தன. டிஸ்க் 288 மி.மீ. முன்னால் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் பழையபடியே ஏபி ரேசிங் செய்த இரண்டு பிஸ்டன் வகை. வேகமாக ஓட்ட இது எளிது, சந்தேகமில்லை. ஆனால் பெடலின் முதல் சென்டிமீட்டரில் பூஸ்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. நேர்க்கோட்டில் அது தெரியாது. மர்ரேஸில், வண்டி சாய்ந்திருக்கும்போது தெரியும்: நீங்கள் கேட்டதைவிட ஒரு துளி அதிகமாகப் பிடித்து, மூக்கு சட்டென்று இறங்கும்.

இந்த ஏபிஎஸ்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. டிராக்குக்குப் போகும் லோட்டஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதிவேகத்திலிருந்து பெடலை ஒரே மிதியாக மிதித்து, அந்த நேரத்தில் டயர் ஒரு மேட்டில் ஏறினால், தரை பனிக்கட்டி என்று ஏபிஎஸ் முடிவுகட்டிவிடும். அழுத்தத்தை விடுவித்துவிடும், பெடல் கல்லாகிவிடும், வண்டி நிற்காது. பென்ட்லி ஸ்ட்ரெய்ட் என்ற நீண்ட நேர்பாதையின் முடிவில், பிரண்டில் வளைவுக்கு முன்னால் இப்படி ஆனால் பயங்கரமாக இருக்கும். வழி இருக்கிறது: முதலில் மிதமாக அழுத்தி மூக்கு இறங்கி முன் டயரில் எடை உட்காரும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் முழுசாக அழுத்த வேண்டும். பெடல் கல்லாகிவிட்டால் காலை முழுசாக எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். அந்த நேரத்தில் மனம் ஒப்பாது, ஆனால் அதுதான் வேலை செய்யும். 111ஆரோ அதற்குப் பிந்தைய எக்ஸீஜோ வாங்குபவர் இதை ஆளில்லாத நேர்பாதையில் பழகாமல் டிராக்கில் இறங்கக் கூடாது.

2008-ன் எக்ஸீஜ் எஸ் 240-ல் முன்னால் 308 மி.மீ. டிஸ்க், நான்கு பிஸ்டன் ஏபி ரேசிங் கேலிப்பர். என் கணக்கில் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வந்த மிக நல்ல மாற்றம் இதுதான். நிற்கும் தூரத்தைவிட, சூடேறிய பிறகும் பெடல் அதே இடத்தில் இருப்பதுதான் பெரிய விஷயம். 288 மி.மீ. வண்டியில் சில சுற்றுகளுக்குப் பிறகு பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும், மனம் முன்கூட்டியே பிரேக் பிடிக்கச் சொல்லும். 240-ல் அந்தச் சந்தேகமே வருவதில்லை. வி6-ன் பிரேக் இன்னும் பெரிது, எடையும் பெரிது. கூடவே டைனமிக் பெர்ஃபார்மன்ஸ் மேனேஜ்மென்ட் என்ற ஏற்பாடு தனித்தனிச் சக்கரத்தில் தானே பிரேக் பிடித்து உதவுகிறது. திறமையான வண்டி. என் மனம் அதில் ஒட்டவில்லை.

எனக்கு ஒரே ஒரு வண்டிதான் என்றால் எஸ் 240-ஐ எடுப்பேன். பூஸ்டர் இல்லாத பெடலைத் தேடுபவருக்கு வார்ப்பிரும்பு டிஸ்க் போட்ட முதல் தலைமுறை எலீஸ், அல்லது 2001 முதல் 2003 வரையான ரோவர் எஞ்சின் எலீஸ்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துச் செல்லுங்கள். முதல் தலைமுறை வண்டியின் டிஸ்க்கில் அது ஒட்டவில்லை என்றால் அலுமினிய டிஸ்க். அதற்கேற்ற பேட் போட்டிருக்கிறார்களா என்று பில்லோடு கேளுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். டிராக்குக்குப் போன வண்டி என்றால் எப்படியும் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் ஸ்டீயரிங் எந்த வருஷத்தில் செய்ததாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. இரண்டாம் தலைமுறையில் பின்சக்கரம் பார்க்கும் திசையைப் பிடித்துவைக்கும் டோ லிங்க் கம்பியின் உள்பக்க பால் ஜாயிண்ட்டை (உருண்டை மூட்டை) ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் தளர்வு இருந்தாலும், வலுவான டோ லிங்க் மாற்றிய பிறகே டிராக்குக்குக் கொண்டு போங்கள்.