பட்டதாரிகளுக்கான சம்பள ஒப்பீட்டுச் சேவை: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

படிப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, துறை, அனுபவம் ஆகியவற்றைக் கொடுத்தால், அதே தகுதியுள்ள ஆண்களும் பெண்களும் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று காட்டும் இணையச் சேவை ஒன்றில், வேலை மாறும் யோசனையில் இருந்தபோது சந்தா கட்டிச் சேர்ந்தேன். அதன் சம்பளப் பக்கத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பணித் திருப்திப் பக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அடிப்படைச் சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும் பிரித்துக் காட்டுவதால், முன்னதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க, பின்னதில் வித்தியாசம் கூடுவது பளிச்சென்று தெரிகிறது. அனுபவ ஆண்டைக் கூட்டக் கூட்ட, முதலாண்டில் ஒட்டியிருந்த இரு கோடுகளும் விலகிக்கொண்டே போகின்றன. சிகாகோ பல்கலைக்கழக எம்.பி.ஏ. பட்டதாரிகளைப் பற்றி பெர்ட்ராண்ட், கோல்டின், காட்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கண்டது. பின்னாளில் ஏற்பட்ட வித்தியாசத்துக்குப் பணியிலிருந்து விலகியிருந்த காலமும் வேலை நேரக் குறைவும் முக்கியக் காரணங்கள் என்றது. இச்சேவையோ அவ்விரண்டையும் கேட்பதே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, 'நீங்கள் கேட்க வேண்டிய சம்பளம்' என்ற பகுதியில் இருக்கிறது. கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும்; மற்ற விவரங்களை மாற்றாமல் அதை மட்டும் குறைத்துப் பார்த்தேன், பரிந்துரைத்த தொகையும் கூடவே இறங்கியது. ஏற்கெனவே குறைவாக வாங்கியவரை இன்னும் குறைவாகக் கேட்கச் சொல்வதற்கு ஆலோசனை எதற்கு?

திருப்திப் பக்கத்தில், என் துறையில் குறைவாகச் சம்பாதிக்கும் பெண்களே ஆண்களைவிடக் கூடுதல் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டன் ஊழியர்களிடம் இதே முரணைக் கண்ட ஆண்ட்ரூ கிளார்க், 1997இல் எழுதிய கட்டுரையில், பெண்களின் எதிர்பார்ப்பு குறைவாக இருப்பதே காரணம் என்று விளக்கினார். இளையவர்களிடமும் உயர்கல்வி பெற்றவர்களிடமும் அந்த வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் குறிப்பிட்டார். வயது வாரியாகப் பிரிக்காத ஒற்றைச் சராசரியில் இதெல்லாம் மறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, சம்பள வரைபடத்தைக் காட்டிய பிறகுதான் நட்சத்திரம் கேட்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், சக ஊழியர்களின் சம்பளத்தை அறிய வழி காட்டப்பட்டவர்களில் குறைவாக வாங்கியவர்களுக்கே திருப்தி குறைந்தது. ஆகவே இங்கே பதிவாவது வேலையைப் பற்றிய கருத்தா, சற்றுமுன் பார்த்த வரைபடத்தின் தாக்கமா என்று பிரித்தறிய வழியில்லை.

நேர்காணலுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு மாதச் சந்தா போதும். ஊக்கத்தொகை அட்டவணையைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள்.