தாய்லாந்தில் காண்டோ வாங்குகிறவர்களுக்கு: ஃபாரின் கோட்டா என்று சொல்லி 9 லட்சத்து 60 ஆயிரம் பாட்டை விழுங்கிவிட்டார்கள்

சேல்ஸ் ஆபீஸில் இன்று காலையும் அதே பதில்தான். "பணம் திருப்பித் தர வழியில்லை சார், அக்ரிமென்டிலேயே போட்டிருக்கு." 48 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) வீட்டுக்கு நாங்கள் கட்டிய முன்பணம் 20 சதவீதம், 9 லட்சத்து 60 ஆயிரம் பாட். வயிறு எரிகிறது. ஆறின பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பட்டாயா, கடற்கரைப் பக்கம், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு கட்டடம், வாசலில் ஏ.சி. போட்ட சேல்ஸ் ஆபீஸ், தமிழ் பேசுகிற ஏஜென்ட். இவ்வளவு போதும். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் முழுப் பட்டியல் தருகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சட்டம். தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் பெயரில் நிலம் பதிவாகாது. சில நாடுகளோடு இருந்த ஒப்பந்தங்களும் 1970-லேயே முடிந்துபோயின. 4 கோடி பாட் முதலீடு செய்தால் அமைச்சர் அனுமதியோடு ஒரு ராய், அதாவது 1,600 சதுர மீட்டர் வரை குடியிருக்க வாங்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பது அடுக்குமாடி வீடு. 1979-ல் வந்த காண்டோமினியம் சட்டப்படி ஒரு கட்டடத்தில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் முழு உரிமையோடு இருக்கலாம். இதைத்தான் ஃபாரின் கோட்டா என்கிறார்கள்.

அந்த 49 சதவீதம் எதில் என்பதில்தான் விளையாடுகிறார்கள். வீடுகளின் எண்ணிக்கையில் இல்லை, பரப்பளவில். எல்லா வீடுகளின் பரப்பையும் கூட்டினால் 10,000 சதுர மீட்டர் என்றால் வெளிநாட்டவருக்கு 4,900. அதில் 4,880 போய்விட்டது என்று வையுங்கள். மிச்சம் 20. உங்கள் வீடு 35 சதுர மீட்டர் என்றால் பதிவாகாது. "இன்னும் கொஞ்சம் கோட்டா இருக்கு" என்று ஏஜென்ட் சொல்வது அப்போது பொய்யும் இல்லை, உங்களுக்குப் பிரயோஜனமும் இல்லை. இன்னொன்று, கோட்டா வளாகத்துக்கு இல்லை, தனித்தனியாகப் பதிவான காண்டோமினியத்துக்கு. ஒரே நீச்சல் குளம், ஒரே கேட், ஒரே பெயர்ப்பலகை இருக்கலாம். ஏ கட்டடமும் பி கட்டடமும் தனித்தனிப் பதிவு என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

எங்களை மடக்கியது இந்த இடத்தில்தான். கோட்டாவுக்கு அத்தாட்சி கேட்டோம். கட்டட நிர்வாக அலுவலகம், இங்கே எல்லாரும் ஜூரிஸ்டிக் ஆபீஸ் என்பார்கள், அது தரும் கடிதம்தான் அத்தாட்சி. லேண்ட் ஆபீஸில், அதாவது சொத்துப் பதிவு அலுவலகத்தில், பதிவன்று அந்தக் கடிதம் இல்லாமல் ஃபைல் நகராது. ஏஜென்ட் போனில் ஒரு படத்தைக் காட்டினார். முழுக்க தாய்லாந்து எழுத்து, கீழே சிவப்பு முத்திரை, நடுவில் 41 சதவீதம் என்ற எண். "அண்ணே, இன்னும் எட்டு சதவீதம் இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் தப்பு பண்ணுவேனா?" படத்தை அனுப்பச் சொன்னதற்கு, "ஆபீஸ் டாகுமென்ட், ஷேர் பண்ணக் கூடாது அண்ணே." புக்கிங்குக்கு ஒரு லட்சம், அடுத்து ஒப்பந்தத்தின்போது மீதி. மொத்தம் 9 லட்சத்து 60 ஆயிரம்.

அந்தக் கடிதம் ஏ கட்டடத்துடையது. வீடு பி கட்டடத்தில். தேதி 2566 என்று இருந்ததாம். புத்த ஆண்டு, 543-ஐக் கழித்தால் 2023. பி-யில் கோட்டா எப்போதோ முடிந்துவிட்டது. இதை அந்த ஏஜென்ட் சொல்லவில்லை, ஜூரிஸ்டிக் ஆபீஸில் உட்கார்ந்திருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து அரை நிமிடத்தில் சொன்னார்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "அண்ணே" போய் "சார்" ஆனது. சொங்க்ரான் (தாய்லாந்துப் புத்தாண்டு) லீவு, மேனேஜர் பேங்காக் போயிருக்கிறார், ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டாச்சு. அதற்குப் பிறகு பணத்துக்குப் பதிலாக யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் முதல் ஏமாற்றை விட மோசம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் யோசனை: "கோட்டா 75 சதவீதம் ஆகப் போகுது, கொஞ்சம் பொறுங்க." 2024-ல் அரசு அப்படி உயர்த்தலாமா, குத்தகையை 99 வருஷம் ஆக்கலாமா என்று ஆராயச் சொன்னது உண்மை. ஆராயச் சொன்னது சட்டம் ஆகாது. லேண்ட் ஆபீஸ் கவுன்டரில் 49 என்றால் 49தான்.

இரண்டாவது: "தாய்லாந்துக் கம்பெனி ஒன்று ஆரம்பிச்சு அது பேர்ல வாங்கிடலாம், ஷேர்ஹோல்டர்ஸை நாங்களே தர்றோம்." இதை ஒரு காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்கள்! 51 சதவீதப் பங்கு யாரோ முகம் தெரியாத தாய்லாந்துக்காரர்கள் பெயரில், அவர்கள் ஒரு பாட் கூடப் போட்டிருக்க மாட்டார்கள். இதற்குப் பெயர் நாமினி. 1999-ன் வெளிநாட்டவர் தொழில் சட்டம் 36-ஆம் பிரிவு: மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் பாட் வரை அபராதம். பெயர் கொடுத்தவருக்கும் உண்டு, கொடுக்க வைத்தவருக்கும் உண்டு. பினாமி சட்டம் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடவே வருஷா வருஷம் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் செலவு.

மூன்றாவது: "லீஸ்ஹோல்ட் போட்டுக்கலாம், 30 கூட்டல் 30 கூட்டல் 30, தொண்ணூறு வருஷம்." தாய் சிவில் சட்டம் 540-ஆம் பிரிவு வீடு, நிலக் குத்தகைக்கு 30 வருஷம்தான் உச்சம் என்கிறது. அதற்கு மேல் எழுதினால் 30-ஆகக் குறைக்கப்படும். அடுத்த 30-க்குப் புதுப்பிப்பேன் என்பது இன்றைய உரிமையாளர் தரும் வாக்கு மட்டுமே. அவர் விற்றுவிட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை லேண்ட் ஆபீஸில் பதிவாகவில்லை என்றால் மூன்று வருஷத்துக்கே செல்லும். குத்தகைதாரர் இறந்தால் குத்தகையும் முடிகிறது. வாரிசுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால்தான் வாதாடவாவது இடம். இத்தனை ஓட்டை உள்ள குத்தகைக்கு முழு உரிமைக்குச் சொன்ன அதே 48 லட்சம் கேட்டார்கள், ஒரு பாட் குறைக்கவில்லை.

அவர்கள் விளம்பர நோட்டீஸில் இன்னொரு தூண்டில்: "பதிவுக் கட்டணம் 0.01 சதவீதம் மட்டும்." 70 லட்சம் பாட் வரையுள்ள வீடுகளுக்கு 2024-ல் அறிவித்த சலுகை அது, தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும். நமக்கு 2 சதவீதம்.

ஒப்பந்த விஷயம். இரண்டு மொழியில் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் "வெளிநாட்டவர் ஒதுக்கீட்டு வீடு" என்று கொட்டை எழுத்து. தாய்லாந்து மொழிப் பக்கத்தில் "பதிவு நாளில் ஒதுக்கீடு இருப்பின்". முரண்பட்டால் தாய் வாசகமே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. ஆனால் அவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கட்டுநர் காண்டோ விற்கும்போது அரசு வகுத்த படிவத்தில்தான் ஒப்பந்தம் போட வேண்டும், ஓர் சோர் 22 என்று பெயர். அதற்கு மாறாக, வாங்குபவருக்குப் பாதகமாகச் சேர்த்த நிபந்தனை செல்லாது. விளம்பரத்தில் சொன்னதும் ஒப்பந்தத்தின் பகுதி என்று காண்டோமினியம் சட்டத்தின் 6/1 பிரிவு சொல்கிறது. ஆகவே நோட்டீஸ், லைன் ஆப் சாட், விலைப்பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் வக்கீல் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது இந்த இரண்டைத்தான்.

பணம் அனுப்பியதிலும் ஒரு கண்ணி. ஒரு லட்சம் புக்கிங்கை ஏஜென்ட் பாட் ரொக்கமாகக் கேட்டார், "ரேட் நல்லா கிடைக்கும்" என்று. முழு உரிமையோடு வெளிநாட்டவர் பெயரில் பதிய, வீட்டின் விலை வெளிநாட்டுப் பணமாக உள்ளே வந்ததற்கு வங்கி அத்தாட்சி வேண்டும். டாலராகவோ சிங்கப்பூர் வெள்ளியாகவோ வந்து, தாய்லாந்து வங்கியில் பாட்டாக மாற வேண்டும். பெரிய தொகைக்கு வங்கி எஃப்.இ.டி. என்ற அந்நியச் செலாவணிப் படிவம் தரும், சின்னத் தொகைக்குக் கடிதம். அனுப்புபவர் பெயரும் பத்திரத்தில் வரப்போகும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், காரணம் என்ற இடத்தில் காண்டோ வாங்க என்று இருக்க வேண்டும். அனுப்புகிற நாட்டிலேயே பாட்டாக மாற்றி அனுப்பினாலோ கையில் ரொக்கமாகக் கொடுத்தாலோ அந்தத் தொகை பதிவுக்கு உதவாது. கோட்டா இருந்திருந்தாலும் அந்த ஒரு லட்சத்துக்குப் பதிவன்று மாட்டியிருப்போம். இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு எல்.ஆர்.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வரம்பு ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். குடும்பச் செலவு என்று போடாமல் சொத்து வாங்க என்றே போடுங்கள்.

பட்டியல் தருகிறேன் என்றேன், வக்கீல் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அவசரமாக:

கோட்டாக் கடிதத்தைப் போனில் பார்க்காதீர்கள். நீங்களே ஜூரிஸ்டிக் ஆபீஸ் போய், உங்கள் கட்டடத்தின் பெயரும் இந்த மாதத் தேதியும் மிச்சமுள்ள சதுர மீட்டரும் உள்ள கடிதம் கேளுங்கள். கட்டி முடிக்காத கட்டடம் என்றால் அந்த ஆபீஸே இருக்காது, கடிதமும் இருக்காது. கட்டுநர் வார்த்தையைத் தவிர கையில் ஒன்றும் இல்லை.

"வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாவிட்டால் முழுத் தொகையும் திரும்ப" என்ற வரி தாய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்து பயனில்லை.

ஏஜென்ட் காட்டுகிற வக்கீல் வேண்டாம்.

எங்களைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்துக்கு 1166-ல் அழைக்கலாம். தாய்லாந்து மொழி பேசுகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ரசீது, ஒப்பந்தத்தின் இரண்டு மொழிப் பக்கங்கள், சாட் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு நாங்கள் கொடுத்த புகாரும் அங்கேதான் கிடக்கிறது.