பில்லில் புது பிளக், இன்ஜினில் பழைய பிளக்: சேலம் கார்க்காரர்கள் கவனத்துக்கு

ஏற்காடு போகும் முன் சர்வீஸ் விடுபவர்கள் அவசியம் படியுங்கள். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினுக்குள் பொறி தட்டி பெட்ரோலை எரிக்கும் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றியதாகப் பில் போட்டார்கள். டவுனுக்குள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. அடிவாரம் தாண்டி, கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் மிதித்ததும் இன்ஜின் உதறியது. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கழற்றிப் பார்த்தால் நான்கும் பழசு. எமரித் தாளில் தேய்த்து, பெட்ரோலில் கழுவி அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் அங்கேதான் கைவிடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பிளக்கை விட அது பல மடங்கு செலவு. விளக்கு மின்னினால் மேலே ஏறாதீர்கள், ஓரங்கட்டுங்கள்.

ஏமாற்றைக் கண்டுபிடிக்க பிளக்கின் மரைக்கு மேல் உள்ள வாஷரைப் பாருங்கள். புது பிளக்கில் அது உள்ளே கூடாக, சற்று உப்பலாக இருக்கும். ஒருமுறை இறுக்கிய வாஷர் தட்டையாக நசுங்கியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் இதை மறைக்க முடியாது. நடு முனையின் விளிம்பு கூராக இல்லாமல் மழுங்கியிருந்தாலும் பழசுதான். மெல்லிய இரிடியம் உலோக முனை உள்ள பிளக்கை கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே அந்த முனை கெட்டுவிடும்.

மாட்டும் முறையிலும் கோளாறு நடக்கிறது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக்குக்கு மேல் இருக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றியதும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை எடுக்காவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். முதல் சில சுற்றுகள் கையால்தான் திருக வேண்டும். எடுத்ததுமே ராட்செட் போட்டால் அலுமினிய ஹெட்டில் மரை சிதைந்துவிடும். 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக்குக்கு இறுக்கும் விசை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். அந்த விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், புது பிளக்கை கை இறுக்கத்துக்கு மேல் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்றுக்குள் திருக வேண்டும். 10, 12 மி.மீ. மரைக்கு இந்த அளவைப் போட்டால் பிளக்கே முறியலாம்.

மாட்டும் முன் புது டப்பாவை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்கள். டப்பாவில் உள்ள எண் கார் கையேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கழற்றிய பிளக்குகளை எண்ணிக் கையில் வாங்குங்கள். டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக் என்று பில் வந்தால் பணமே கொடுக்காதீர்கள், அதில் அந்தப் பொருளே கிடையாது.