மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டு

இந்தத் தடவ ஊர்ல இருந்த 22 நாள்ல பாதி நாளு ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர்னே போயிருச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன், என் கூட்டாளிக்குத்தான். சிங்கப்பூர்ல ஏறுனா நாலு மணி நேரத்துல மதுரை, அக்கா மகனுக்குக் காதுகுத்து, மூணு வாரம் லீவு, நல்லா சாப்பிட்டுத் தூங்கிட்டு வரலாம்னுதான் கெளம்புனேன்.

காதுகுத்து உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ல. பந்தியில பக்கத்து எலையில வந்து உக்காந்தவன எனக்கு மொதல்ல அடையாளமே தெரியல, கன்னமெல்லாம் ஒட்டிப்போயி, சட்டை ஹேங்கர்ல தொங்குற மாதிரி தோள்ல தொங்குது. கறிக்கொழம்பு ஊத்த வந்தவர கையக் காட்டி நிறுத்திட்டு ரசம் மட்டும் வாங்கிக்கிட்டான். கறிச்சோறுன்னா ரெண்டாவது பந்தியிலயும் எடம் பிடிக்கிற ஆளு. "என்னடா மாப்ள, சுகரா?"ன்னேன். "சுகரெல்லாம் இல்லடா, என்னன்னே தெரியல, பங்குனியிலருந்து காய்ச்சல்"னு மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு அப்பளத்த நொறுக்குறான். நாங்க பேசிக்கிட்டு இருந்தது ஆவணியில. 78 கிலோ இருந்தவன் 64.

அன்னைக்குச் சாயங்காலமே கண்ணால பாத்தேன். ஊரே புழுக்கம் தாங்காம துண்டால விசிறிக்கிட்டு உக்காந்திருக்கு, இவன் மட்டும் போர்வையப் போத்திக்கிட்டு திண்ணையில சுருண்டு கெடக்கான். ரவைக்கு வேர்த்து கைலி தலகாணியெல்லாம் நனைஞ்சிருமாம், விடிஞ்சா எந்திரிச்சு டாடா ஏஸ எடுத்துக்கிட்டு லோடுக்குப் போயிருவானாம், நாலு நாள் நல்லா இருக்குமாம், சரி ஓடிப்போச்சுன்னு நெனைக்கிறப்ப திரும்ப வந்துருமாம். இடுப்புல ஒரு பக்கமா வலி வேற, வண்டிலருந்து எறங்குறப்ப கதவப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கிறான். அவன் சொன்னதுல எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது காய்ச்சல் இல்ல. "சோம்பேறி ஆயிட்டேன்னு வீட்லயே நெனைக்கிறாங்கடா, சரியாப் போச்சுன்னு டாக்டரே அனுப்பி வச்சா வேற என்ன நெனைப்பாங்க"ன்னான்.

ரிப்போர்ட்டெல்லாம் எங்கடான்னு கேட்டேன். ஒரு மஞ்சப்பையக் கொண்டாந்து கட்டில்ல கொட்டுனான். கல்யாண வீட்டுல தேங்கா பழம் போட்டுக் குடுக்குற அதே பைதான், பொண்ணு மாப்பிள்ளை பேரு அச்சடிச்சது. உள்ள அஞ்சு மாசத்துப் பேப்பரு, மாத்திர அட்டை, எக்ஸ்ரே எல்லாம் மடங்கிப் போயி. எண்ணிப் பாத்தேன், ஆறு எடத்துல பாத்திருக்கான், அதுல நாலு எடத்துல டைபாய்டு. நாலு எடத்துலயும் விடால் டெஸ்டு. அந்த டெஸ்டு 1896ல வந்தது, ஒடம்புல கிருமி இருக்கான்னு அது பாக்குறதில்ல, கிருமிய எதுத்து ஒடம்பு உண்டாக்குன ஆன்டிபாடியத்தான் பாக்கும், முன்னாடி எப்பவோ டைபாய்டு வந்திருந்தாலும் ஊசி போட்டிருந்தாலும் வேற காய்ச்சலா இருந்தாலும்கூட பாசிட்டிவ் காட்டலாம். நம்மூர் மாதிரி டைபாய்டு சகஜமா இருக்கிற எடத்துல அத ஒரே ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணக்கூடாது. ஆனா என்ன நடக்குது, விடால் பாசிட்டிவ், ஒரு குளுக்கோஸ் பாட்டில், அஞ்சு நாள் ஊசி, காய்ச்சல் கொறையும், போயிட்டு வாங்க. மறுபடி வந்தா மறுபடி டைபாய்டு. ஒரே மனுசனுக்கு அஞ்சு மாசத்துல நாலு டைபாய்டா, யாருக்கும் ஒரு சந்தேகம் வரலையான்னு எனக்கு அப்பிடி ஒரு கோவம்.

டிபி இருக்கோன்னு ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கார். அங்க சளிய ஜீன் எக்ஸ்பர்ட் மெஷின்ல போட்டுப் பாத்து இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஒத்த ரூவா வாங்கல. அந்த ஒரு பேப்பருதான் அந்தப் பையில உருப்படியான பேப்பருன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு.

அவங்க அம்மா தனி ரூட்டுல போயிருக்காங்க. பாண்டி கோயில்ல வேண்டிக்கிட்டு வந்து, ஒரு எடத்துல மந்திரிச்சு வலது மணிக்கட்டுல கறுப்புக் கயிறு கட்டி, இன்னொருத்தரு சொன்னாருன்னு நெலவேம்புக் கஷாயம் ஒரு மண்டலம். "யாரோ கண்ணு வச்சிட்டாங்க சாமி, புது வண்டி வாங்குன நேரம்"னு என்கிட்ட சொல்றாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆறு டாக்டரு பாத்தும் சரியான பேரு சொல்லலைன்னா அந்தம்மா ஏழாவதா ஒரு பேரு வச்சதுல என்ன தப்பு.

மறுநா வெள்ளனாவே அவன் வண்டியிலயே மதுரைக்குக் கெளம்பிட்டோம். "எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா"ன்னு அவங்க அப்பத்தா சொல்லுச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ராஜாஜி பேரு வச்சு எத்தன வருசமாச்சு, பழைய ஆளுக வாயில இன்னும் எர்ஸ்கின்தான். நான்தான் கையில காசு இருக்குங்கிற திமிருல வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், பேரு வேணாம், கண்ணாடிக் கட்டிடம், உள்ள நொழைஞ்சா ஏசி. டோக்கன் 43. ரெண்டே கால் மணி நேரம் கழிச்சு உள்ள போனா நாலு நிமிஷம்கூட இல்ல. மஞ்சப்பையத் தொறக்கவே இல்ல, "பழசெல்லாம் வேணாம், நம்ம லேப்லயே எடுத்துருவோம்"னு ஒரு பேக்கேஜ் எழுதுனாரு. தைராய்டு, விட்டமின் டி, கொலஸ்ட்ரால் எல்லாம் இருந்துச்சு. 6,800 ரூவா. விட்டமின் டி கம்மின்னு வந்துச்சு, அதுக்கு மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், வேகத்துல நம்மூர அடிச்சுக்க முடியாது. காலையில ரத்தம் குடுத்தா சாயங்காலம் ரிப்போர்ட்டு வாட்ஸ்அப்புல வந்து நிக்குது, இடுப்புக்கு எம்ஆர்ஐ கேட்டா "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க"ங்கிறான். சிங்கப்பூர்ல மானியத்துல ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்கணும்னா வாரக்கணக்குல காத்துக் கெடக்கணும். ஆனா அங்க என் பழைய கதையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும், டாக்டரு மொதல்ல அத ஒரு ஓட்டு ஓட்டுவாரு. இங்க கதை பூரா பேஷண்ட்டு கையில மஞ்சப்பையில இருக்கு, படிக்கத்தான் ஆள் இல்ல.

எம்ஆர்ஐல இடுப்பும் முதுகுத்தண்டும் சேர்ற ஜாயிண்ட்ல ஒரு பக்கம் வீக்கம்னு வந்துச்சு. ஸ்கேன் சென்டர்ல இருந்த ஒரு தம்பிதான், ரொம்ப நாள் காய்ச்சலுக்குன்னா இன்னாரப் பாருங்கண்ணேன்னு ஒரு டாக்டரம்மாவச் சொன்னான். கோரிப்பாளையம் பாலம் வேலைல மாட்டி, சுத்திச் சுத்திப் போயிச் சேர்றதுக்குள்ள மணி எட்டு ஆயிருச்சு. மாடிப்படி ஏறிப் போற சின்ன கிளினிக்கு, பத்துப் பன்னெண்டு பிளாஸ்டிக் சேரு, ஒரு பேன் சத்தம்.

அந்தம்மா பண்ணுன மொதல் வேலை, பையக் கொட்டச் சொல்லி பேப்பரையெல்லாம் தேதி வாரியா அடுக்குனதுதான். அடுக்கி முடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு, ஒரு வார்த்த பேசல. அப்பறம் சட்டையக் கழட்டச் சொல்லி அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்புன்னு டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. உண்ணிக் காய்ச்சலா இருந்தா சிகரெட்டுச் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், ஆனா அது இம்புட்டு மாசம் இழுக்காது, இருந்தாலும் பாத்துர்றேன்னாங்க. அப்பறம் கேட்டாங்க.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டிரைவர் மேடம். சொந்த வண்டி."

எல்லா ஃபைல்லயும் அதான் இருக்கு, தொழில், டிரைவர். அந்தம்மா விடல. "வீட்டுல ஆடு மாடு இருக்கா?"

"எனக்கு இல்ல மேடம். எங்கம்மா ஒம்போது வெள்ளாடு வச்சிருக்கு."

"அம்மா தனி வீடா?"

"இல்ல மேடம், ஒண்ணாத்தான் இருக்கோம்."

"ஆடு எதுவும் குட்டி வீசுச்சா இந்த வருசம்?"

இவன் என்னையப் பாக்குறான், நான் அவனப் பாக்குறேன். மாசியில ஒண்ணு மாசம் நெறையறதுக்கு முன்னாடியே வீசுச்சாம். ரெண்டு குட்டி, ரெண்டும் செத்து விழுந்துச்சாம். நஞ்சுக்கொடி விழுகாம தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு இவன்தான் வெறுங்கைய விட்டு இழுத்துப் போட்டிருக்கான், கையில வண்டி ஜாக்கி பட்ட வெட்டுக்காயம் வேற இருந்திருக்கு. பாலு? "கறந்த சூட்டோட ஒரு டம்ளர் குடிப்பேன் மேடம், சின்னப்புள்ளையிலருந்தே."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி "நீங்க எத்தன நாள் ஊர்ல இருப்பீங்க?"ன்னாங்க. பன்னெண்டு நாள்னேன். "அப்ப நீங்கதான் பொறுப்பு"ன்னு சொல்லிட்டு எழுத ஆரம்பிச்சாங்க. புரூசெல்லோசிஸ் சந்தேகம். நான் கேள்விப்பட்டதே இல்லை. 1887ல மால்டா தீவுல சோல்ஜர்ங்களுக்கு வந்த காய்ச்சல்ல இருந்து டேவிட் புரூஸ்னு ஒரு ஆர்மி டாக்டர் கண்டுபிடிச்ச கிருமி, அவர் பேரத்தான் வச்சாங்க, அங்கயும் கடைசில ஆட்டுப்பால்லருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சதாம். காய்ச்சல் அலை மாதிரி ஏறி எறங்கும், ராத்திரி வேர்க்கும், மூட்டையும் இடுப்பையும் புடிக்கும், மனசையும் சோர்வாக்கிரும். கிருமி நம்ம செல்லுக்குள்ளயே போயி ஒளிஞ்சுக்கும், அதனாலதான் அஞ்சு நாள் ஊசிக்குக் கொஞ்சம் அடங்கி மறுபடி எந்திரிச்சு வந்திருக்கு.

ரத்தம் எடுக்கிறதுக்கும் ஒரு முறை சொன்னாங்க. கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்துல இருக்கிற கிருமிய லேப்ல வளத்துப் பாக்குறதுக்கு எடுக்கணும், இப்ப ஆன்டிபயாட்டிக் எதுவும் சாப்பிடாம இருக்கிறது நல்லதாப் போச்சு, மெதுவா வளர்ற கிருமி, பாட்டில சீக்கிரம் தூக்கிப் போட்டுறக் கூடாது, இன்ன கிருமின்னு சந்தேகம்னு லேப்ல வாய்விட்டும் சொல்லணும், ஏன்னா லேப்ல வேலை பாக்குறவங்களுக்கே தொத்திக்கும். நான் சொன்னதும் லேப் பொண்ணு ஒரு தடவ நிமிந்து பாத்துட்டு மாஸ்க்க மேல ஏத்திவிட்டுக்கிட்டு ரெண்டு கையிலயும் எடுத்துச்சு. வலது கையில எடுக்கிறப்ப அந்தக் கறுப்புக் கயிறு எடஞ்சலா இருந்துச்சு. "அவுக்கவா?"ன்னான். "வேணாண்ணே, இருக்கட்டும்"னு சொல்லி அத விரலால பைய மேல நகத்தி பஞ்சு வச்சுத் தொடச்சுச்சு.

ரத்தத்த சென்னைக்கு அனுப்பி, நாலாவது நாள் ஆன்டிபாடி ரிசல்ட்டு வந்துச்சு. அந்த அளவு 160ன்னாலே சந்தேகப்படணுமாம், இவனுக்கு 640. நோய்க்குறி, ஆடு, எம்ஆர்ஐ எல்லாம் ஒத்துப் போகுது, கல்ச்சர் வர்றப்ப வரட்டும்னு அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சாங்க. டாக்சிசைக்ளின் 100 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ரிஃபாம்பிசின் காலைல வெறும் வயித்துல. ஆறு வாரம், ஒரு நாள்கூட விடக்கூடாது, இடுப்பு வலி நிக்கலைன்னா இன்னும் நீளும். ரிஃபாம்பிசின் டிபி மருந்து, அதனால டிபி இல்லைன்னு அந்தப் பழைய பேப்பரு இருந்தது நல்லதாப் போச்சுன்னாங்க. ஒரு மாச மாத்திரைக்கு ஆன செலவு, கண்ணாடிக் கட்டிடத்துல குடுத்த காசுல கால்வாசிகூட இல்ல.

ரெண்டாவது நாள் காலைல அஞ்சரை மணிக்குப் போன் பண்றான். "டேய், ஒண்ணுக்கு மிரிண்டா மாதிரி போகுதுடா, செத்துருவேன் போல"ன்னு அலறுறான். அந்த மாத்திரைக்கு அப்பிடித்தான் போகும்னு டாக்டரம்மா சொன்னப்ப இவன் போன நோண்டிக்கிட்டு இருந்திருக்கான்.

நான் கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கால்நடை மருந்தகத்துக்குப் போனோம், அவங்க அம்மாவும் வந்தாங்க. செவுத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு, கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி, 4 முதல் 8 மாத கிடேரிக் கன்றுகளுக்குன்னு. இவன் அதக் காட்டி "இதத்தான்டா நான் வருசா வருசம் பாத்துக்கிட்டு இருந்தேன்"ங்கிறான். அம்புட்டுதான், இங்கிலீஷ்ல புரூசெல்லோசிஸ், நம்ம பாசையில கன்னு வீச்சு. மாட்டு டாக்டரு கேட்டா மொத நாளே சொல்லியிருப்பாரு போல.

டாக்டரு பொறுமையாச் சொன்னாரு. வீசுன குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால தொடாதீங்க, ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க, நாய் தோண்டாமப் பாத்துக்கங்க, பால நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க, வந்து எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுக்கிறேன், நோய் இருக்குன்னு வந்தா தனியாக் கட்டணும். வீட்ல எல்லாரும் டெஸ்டு பண்ணிக்கிறது நல்லதுன்னாரு, அந்தம்மாவுக்கு ரெண்டு மாசமா முட்டி வலி, வயசாயிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

"சரி, குட்டி வீசுன ஆடு எது, மொதல்ல அதப் பாப்போம்"னு டாக்டரு நோட்ட எடுத்தாரு.

அந்தம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க. "அது ராசியில்லாத ஆடுன்னு அடுத்த வாரமே சந்தையில தள்ளிவிட்டுட்டேன் சாமி. 7,500க்குப் போச்சு."

"யாரு வாங்குனா?"

"தெரியலயே சாமி. பால் கறக்குற ஆடான்னு கேட்டாரு, கைப்புள்ளக்காரி ஒருத்தி கூட நின்னா. ஆமான்னு சொல்லித்தான் குடுத்தேன்."