பிரெஞ்சுக் கிராமத்து ஓவியம் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பாரிசுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஒரு பழைய சாமான் சந்தையில், கடந்த ஏப்ரலில் 2 ஓவியங்களுக்கு 850 யூரோ காசாகக் கொடுத்தேன். ஒன்றில் வட பிரான்சின் நோர்மண்டிப் பக்கத்து வைக்கோல் கூரை வீடு, மற்றதில் ஆற்றங்கரையில் நெட்டை மரங்கள். இரண்டும் கையால் வரைந்தவை அல்ல, அச்சடித்த படங்கள். 7 மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நம்மவர்கள் பலர் இப்போது இங்கே வீடு வாங்கி, சுவருக்குப் படம் தேடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

19 வருட வாடகைக்குப் பிறகு வாங்கிய வீடு எங்களுடையது. ஹோல் சுவரில் பெரிய டிவி மட்டும் வேண்டாம் என்று இருந்தேன். யாழ்ப்பாணத்துக் கைதடியில் அம்மம்மாவின் வீடு பனையோலையால் வேய்ந்தது. நோர்மண்டிப் பக்கம் முதன்முதலில் போனபோது அந்த வைக்கோல், நாணல் கூரைகளைக் கண்டு கார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படி ஒரு வீட்டை வரைந்த ஓவியம் ஒன்று என் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே வந்தது.

விற்றவர் நிறைய விஷயம் தெரிந்தவர். அந்தக் கூரை முகட்டில் ஏன் ஐரிஸ் செடி நடுகிறார்கள், அதன் வேர் எப்படி முகட்டு மண்ணைப் பிடித்து வைக்கிறது என்று சொன்னார். ஆற்றுப் படத்தைக் காட்டி, தோபிஞி என்ற ஓவியர் 1857 முதல் ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி ஆற்றில் இருந்தபடியே வரைந்தார் என்றார். 19ஆம் நூற்றாண்டில் இயற்கைக் காட்சி ஓவியர்கள் கூடிய பார்பிசோன் கிராமத்தில் கான் என்பவரின் சத்திரத்தில் தங்கிய ஓவியர்கள் அதன் சுவரிலும் அலுமாரியிலும்கூட வரைந்து வைத்ததைச் சொன்னார். இதெல்லாம் உண்மை, பிறகு தேடிப் பார்த்தேன். உண்மையான கதைகளைக் கேட்டுத்தான் படங்களையும் நம்பினேன். "உயில் சுர் துவால்", அதாவது கான்வாஸில் எண்ணெய் வர்ணம் என்று வாயால் சொன்னார். பிரேமில் தொங்கிய அட்டையில் மட்டும் "தோன் லு கூ து" என்று தொடங்கி, பார்பிசோன் பெயரை எழுதியிருந்தார். அந்த 4 சின்னச் சொல்லைக் கவனிக்காமல் பார்பிசோனை மட்டும் வாசித்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் குடும்ப நண்பர் சாப்பிட வந்தார். ஊரில் பெயர்ப்பலகை எழுதியவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தார். "பிள்ளை, இங்க பார். தூரிகைக் கோடு ஒரு பக்கம் போகுது, கூரை இன்னொரு பக்கம் போகுது."

அவர் சொன்ன பிறகுதான் என் கண்ணுக்கும் தெரிந்தது. கையால் வரைந்தால் மேடு பள்ளம் உருவத்தோடு போகும். இலை இலையாகத் தெரியும், கூரை சரிந்தால் கோடும் சரியும். எங்கள் படத்தில் மேடுகள் கூரையைக் கடந்து வானத்துக்குள் போயின. அச்சடித்த கான்வாஸின் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். மகளின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பச்சைப் புல் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள்: நீலம், மஞ்சள், சிவப்பு.

சரி என்று சுவரிலிருந்து கழற்றினோம். பின்பக்கத் துணி மூலைக்கு மூலை ஒரே பழுப்பு. உண்மையில் பழைய துணி அப்படி ஆகாது. மரச்சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியில் தூசும் காற்றும் குறைவாகப் படுவதால், அங்கே வெளுப்பாக இருக்கும். துணியை ஆணிக்குப் பதில் ஸ்டேப்ளர் கம்பியால் அடித்திருந்தார்கள். கம்பி இருந்தால் போலி என்று சொல்ல முடியாது, பழைய ஓவியத்தையும் பிறகு புதிதாக இழுத்துக் கட்டுவார்கள். ஆனால் கம்பியும் இந்தச் சீரான பழுப்பும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். மறுநாள் படத்தைக் கடைக்குக் கொண்டுபோய், நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் பிடித்தோம். சாயம் படாத மடிப்பு ஓரம் புதுச் சட்டை மாதிரி நீல வெள்ளையாகப் பளிச்சிட்டது. துணியையும் காகிதத்தையும் வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில்தான் அப்படி ஒளிரும். அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. பார்பிசோன் ஓவியர்கள் காலத்துத் துணியில் இருக்க வழியில்லை.

சந்தைக்குத் திரும்பப் போனபோது படங்களை விற்றவர் அதே இடத்தில் இருந்தார். கோபப்படவில்லை. "அட்டையில் 'அந்தப் பாணியில்' என்றுதானே எழுதியிருந்தேன், மதாம்?" என்றார். எண்ணெய் வர்ணம் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார். என் கையில் இருந்த துண்டுச் சீட்டில் "2 படம், 850 யூரோ, இருக்கிற நிலையில்" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

பிரான்சில் கலைப்பொருள் விற்பனைக்கு 1981 மார்ச் 3ஆம் தேதி அரசாணை ஒன்று இருக்கிறது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு உத்தரவாதம் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். ஓவியர் பெயரை நேராகப் போட்டால் அவர் வரைந்தது என்று விற்பவர் பொறுப்பேற்கிறார். "அத்ரிபுவே ஆ" என்றால் அந்த ஓவியரின் காலத்தில் ஆக்கியது, அவருடையதாக இருக்கலாம் என்பதற்குத் தக்க காரணம் உண்டு என்று பொருள். "தோன் லு கூ து", "மனியேர் து" (அவர் முறையில்), "ஸ்தீல்" (பாணி), "தப்ரே" (அவர் படத்தைப் பார்த்து) இவற்றில் எதை எழுதினாலும், யார் வரைந்தது, எந்தக் காலத்தது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த அட்டையை அவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

அதே அரசாணைப்படி, நீங்கள் கேட்டால் தொழில்முறை விற்பனையாளர் பொருளின் தன்மை, எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, எந்தக் காலம் என்று தான் சொன்னதை எழுதிப் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். தயவுசெய்து கேளுங்கள். நான் "எண்ணெய் வர்ணம் என்று எழுதித் தாருங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் எழுதத் தயங்கியிருப்பார், நானும் அப்போதே விலகியிருப்பேன். இணையத்தில் தொழில்முறை விற்பனையாளரிடம் வாங்கினால் பொதுவாக 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். சந்தையிலும் கடையிலும் நேரில் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. இதையும் நான் காசு கொடுத்த பிறகுதான் அறிந்தேன். காசாகக் கொடுத்தது இன்னொரு பிழை, வங்கியில் ஒரு தடயமும் இல்லை.

அரசின் சிஞால் கொன்சோ தளத்தில் முறைப்பாடு பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. தனக்கு எழுதித் தராத விற்பனையாளர் பற்றி இன்னும் யாராவது அங்கே பதிந்தால் நல்லது. ஒருவர் எழுதுவதைவிடப் பத்துப் பேர் எழுதினால் அதற்கு எடை கூட.

அப்புறம் ஜனவரியில் ஒரு சின்ன ஏலத்துக்கு நானும் கணவரும் போனோம். ஏலத்துக்கு முதல்நாள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டார்கள். பூதக்கண்ணாடி கொண்டுபோனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்தில்லாத ஒரு சின்னப் பலகை ஓவியம், சேற்று வழி, ஒரு பக்கம் வைக்கோல் கூரை வீடு. 110 யூரோவுக்கு எனக்கு விழுந்தது, வாங்குபவர் கட்டணத்தோடு 140. பற்றுச்சீட்டில் "பிரெஞ்சு ஓவிய மரபு, 20ஆம் நூற்றாண்டு, பலகையில் எண்ணெய் வர்ணம்" என்று அச்சில் இருக்கிறது. அதைப் படத்தின் பின்னால் ஒரு உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.